இருசப்பனுக்கு ஒரு பத்திரிகை

அழைப்புப் பட்டியலில் விருத்தாம்பாள் அந்தப் பெயரை அடிப்பது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு தடவை ஒரு கோட்டோடு விட்டவள், இந்தத் தடவை பேனாவை அழுத்தி நாலு இழுப்பு இழுத்தாள். தாள் கிழிந்து, அடியில் இருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டின் மேல் மை பட்டது.

தம்பி பெண்டாட்டி தையலம்மாள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். கிழிந்த இடத்துக்குக் கீழே, அவசரமே இல்லாமல், 'இருசப்பன், காலனி' என்று நாலாவது தடவையாக எழுதினாள். பிறகு மஞ்சள் கிண்ணத்தை இழுத்து, அடுத்த பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவத் தொடங்கினாள்.

இரண்டு பேருக்கும் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, மணவாளன் உட்கார்ந்திருந்தார். தை பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. உறுவையாற்றில் எட்டு மணி வரைக்கும் பனி விலகுவதில்லை. தெருவில் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்காரன் காதை மூடித் துண்டு கட்டியிருந்தான். மணவாளனோ மேல்சட்டை இல்லாமல், கழுத்தில் ஈரத் துண்டோடு, மின்விசிறியை அஞ்சில் வைத்துக்கொண்டு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"தைக் குளிர்ல உனக்கு மட்டும் இன்னாடா வேர்வ?" என்றாள் விருத்தாம்பாள்.

"கல்யாண வேலக்கா" என்றார் மணவாளன். காலையிலிருந்து அவர் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.

ஒரே மகள் இளவரசிக்கு மாசி பத்தாம் தேதி வில்லியனூர் மண்டபத்தில் கல்யாணம். சாங்கியங்களைப் பார்த்துக்கொள்வதற்காக அபிஷேகப்பாக்கத்திலிருந்து மூன்று நாளைக்கு முன்னாலேயே இங்கே வந்து இறங்கிவிட்டாள் அக்கா விருத்தாம்பாள். அவள் வீட்டுக்காரர் வீரமணி வரவில்லை. பஸ் ஏறினால் வழியில் இரண்டு இடத்தில் இறங்கி ஒதுங்க வேண்டியிருக்கிறதாம். எல்லாம் சர்க்கரை செய்கிற வேலை என்று அக்கா சொல்லிக்கொண்டாள். இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இருசப்பன் பெயர் ஏன் கூடாது என்பதற்கு அவளிடம் பழைய காரணம் ஒன்று இருந்தது. டிராக்டர் வருவதற்கு முன்னால், சுற்றுவட்டாரத்துக் காளைகளுக்கெல்லாம் காயடித்தவர் இருசப்பன். கன்று காளையாகி முட்டத் தொடங்கியதும் ஆள் அனுப்புவார்கள். அவர் வந்து, விதையை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, பச்சிலை பூசிவிட்டுப் போவார். கூலி நெல்லைக் கையில் தர மாட்டார்கள். மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கொட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். கூடவே, வம்சத்தை நசுக்குகிற கை என்று ஒரு பெயரையும் வைத்துவிட்டார்கள். கல்யாணம், வளைகாப்பு என்றால் அவர் அந்தப் பக்கமே வரக் கூடாது. நல்ல நாளில் விடிந்ததும் அவர் முகத்தில் விழித்துவிட்டால் திரும்பப் படுத்து எழுந்தவர்கள் உண்டு. இப்போது ஊரில் யாரும் சாதியை வாய் விட்டுச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாகச் சொல்ல, கையிருப்பில் ஒரு காரணம் எப்போதும் இருக்கும். இருசப்பனுக்கு இது.

"காலனியில முப்பது வூட்டுக்குப் பத்திரிக வெக்கிறோம், நான் இன்னா வேணாம்னா சொன்னேன்? காயடிச்ச கையி மணமேடை கிட்ட வரக் கூடாது. அவ்ளோதான்" என்றாள் விருத்தாம்பாள்.

பட்டியலின் உச்சியில் அவள் தானே இரண்டு அடிக்கோடு போட்டு வைத்திருந்த பெயர், டாக்டர் ஜெயசீலன். தம்பிக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்த கைராசிக்காரர். அவருக்கு முன் வரிசையில் வெல்வெட் நாற்காலி போட வேண்டும், மாலை போட வேண்டும், முதல் அட்சதை அவர் கையால் விழ வேண்டும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடலிறக்கம் என்பது தெருவுக்குச் சொன்ன கதை. உள்ளது வேறு.

போன ஆடியில் மணவாளனுக்கு முதுகு வலி வந்தது. சிறுநீரும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. புதுச்சேரிக்குப் போய் எல்லாச் சோதனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, டாக்டர் ஜெயசீலன் சுற்றி வளைக்காமல் சொன்னார். புராஸ்டேட்டில் கேன்சர், முதுகெலும்பு வரைக்கும் போயிருக்கிறது. ஆண்களின் உடம்பில் சுரக்கிற ஹார்மோன்தான் அதற்குத் தீனி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டும் அதை நிறுத்தலாம், ஆனால் ஆயுசுக்கும் தவறாமல் வர வேண்டும். விதை இரண்டையும் எடுத்துவிட்டால் ஒரே தடவையில் தீனி நின்றுவிடும்.

மணவாளன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு கேட்டார். "காயடிக்கிறதா சார்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "மாட்டுக்குச் செஞ்சா அந்தப் பேரு. மனுஷனுக்கு இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேரு வெச்சிருக்கோம். வேலை ஒண்ணுதான்."

மணவாளன் எழுந்து நடந்துவிட்டார். பஸ்ஸில், செத்தாலும் முழுசாகச் சாகிறேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். தையலம்மாள் வில்லியனூர் வரும் வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். ஊர் எல்லையில் இறங்கியதும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கால் காலனிப் பக்கம் போயிற்று. அந்த வார்த்தையைக் கேட்டு முகம் சுளிக்காத மனிதர் உலகத்தில் ஒருத்தர்தான் இருப்பார் என்று அவருக்குத் தோன்றியது.

இருசப்பன் ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். மணவாளனைவிட இரண்டு வயது மூத்தவர். முழுவதையும் கேட்டுக்கொண்டே இன்னொரு கீரைக் கட்டை எடுத்தார்.

"காயடிச்சா மாடு செத்துப்பூடுமா இருசப்பா?"

"ரெண்டாயிரத்துக்குக் கொறயாம செஞ்சிருப்பேன். என் கையில ஒண்ணு செத்தது இல்லிங்க ஐயா."

"அப்பறம் எப்டி இருக்கும்?"

"ஒரு வாரம் மொறைக்கும். அப்பறம் தீனி எடுக்கும். கொஞ்சம் ஒடம்பு போடும். முட்டறது நின்னுபூடும்." அவர் மணவாளனை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா முட்டறது நின்னா வூட்ல அம்மாவுக்கும் நல்லதுதான்."

அன்றைக்கு முழுவதும் சிரிக்காத மணவாளன் அந்த இடத்தில் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

இருசப்பன் கீரைக் கட்டைக் கீழே வைத்தார். "ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. காயடிக்காத பொலிகாளை ஊரச் சுத்திக்கினு கெடந்துச்சி. ஏரு இழுத்தது யாரு, பரம்படிச்சது யாரு, உங்க அப்பாரு காலத்துலேந்து உங்க வூட்டுக்கு நெல்லு கொண்டாந்து போட்டது யாரு? எல்லாம் நான் காயடிச்ச மாடு. பொங்கலுக்கு அதுக்குத்தான கொம்புல பெயிண்ட் அடிச்சி, கால்ல வுழுந்து கும்புட்டீங்க?"

மறுநாள் விடிந்ததும் மணவாளன் மனைவியிடம், கிளம்பு என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு ஆம்பிளை ஆள் வேண்டும். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டால் விஷயம் அவர்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். மூன்று நாளும் வார்டு வாசலில் துண்டு விரித்துக் கிடந்து, கஞ்சி வாங்கி வந்து, மூத்திரப் பையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்தவர் இருசப்பன். ஊரில் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணவாளனின் நெஞ்சிலிருந்து ஒரு நெருப்பு கிளம்பிக் கழுத்து வழியாக உச்சந்தலைக்குப் போயிற்று. முகம் சிவந்து, முதுகெல்லாம் ஆறாக ஓடியது. செத்தோம் என்று நினைத்துத் தையலம்மாளைக் கூப்பிட்டார். அவள் வந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இதே நெருப்போட அஞ்சு வருசம் முன்ன, தூரம் நின்னுபோனப்ப நான் அடுப்பங்கரையில நின்னேன். கரன்ட் பில்லு ஏறுதுன்னு ஃபேன நிறுத்தினது யாரு?"

மணவாளன் எச்சில் கையோடு அதைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் வில்லியனூர் போய் ஒரு மின்விசிறி வாங்கி வந்து அடுப்பங்கரையில் மாட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இடுப்பில் சதை போட்டது. நெல் மூட்டை தூக்கினால் கை நடுங்கியது. டிவி சீரியலில் மருமகள் அழுதால் இவருக்கும் அழுகை வந்தது. குரல் பெண் குரலாகிவிடுமோ என்ற பயத்தில், போன் வந்தால் அடிவயிற்றிலிருந்து "அலோ" என்று முழங்கினார். உரக்கடைக்காரன் இரண்டு தடவை பயந்து வைத்துவிட்டான். குரலைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் பழைய கதையெல்லாம் சொன்னார். அந்தக் காலத்தில் ராஜா வீட்டு அந்தப்புரத்துக் காவலுக்கும், சீமையில் கோயில் பாட்டுக்கும் சின்னப் பையன்களுக்கு இதைச் செய்தார்களாம். அவர்களுக்குத்தான் குரல் உடையாது, மீசை முளைக்காது. வயதான பிறகு செய்தால் குரல் மாறாது.

"ஆனா எலும்பு தேஞ்சிடும். அந்த அரண்மனை ஆளுங்களே வயசான காலத்துல கூன் விழுந்துதான் நடந்திருக்காங்க. நீங்க சுண்ணாம்புச் சத்து மாத்திரை போடுங்க, தெனம் நடங்க, ரெண்டு கையிலயும் தண்ணி கொடம் தூக்குங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தண்ணீர் தூக்குகிற வேலை மணவாளனுடையது. இன்னொன்றும் குறைந்து போயிருந்தது. ஒரு மத்தியானம் வெற்றிலை மடித்துக்கொண்டே அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டார்கள். முப்பத்தாறு வருசம் குடும்பம் நடத்தியாயிற்று, ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் போதும் என்று தையலம்மாள் சொல்லிவிட்டாள். தீபாவளிக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, நூற்று நாற்பதில் நின்ற நோய்க் கணக்கு ஒன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது. முதுகு வலி போன இடம் தெரியவில்லை. ஆள் பிழைத்துவிட்டார். ரகசியமும் பிழைத்துவிட்டது. இந்தப் பட்டியல் எழுதுகிற வரைக்கும்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தையலம்மாள் பெரிய கோயில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தாள். அதனால் வாயைத் திறக்காமல் அந்தப் பெயரை எழுதிக்கொண்டே இருப்பது ஒன்றுதான் அவளால் முடிந்தது. மணவாளனுக்கு அது தெரியும். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அக்கா சாங்கியத்தில் தம்பி என்றும் பார்க்க மாட்டாள். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கிற உரிமையே கையைவிட்டுப் போகலாம். அந்த ஒன்றுக்காகத்தான் அவர் ஆறு மாதமாக மருந்து தின்று, குடம் தூக்கி, உயிரைப் பிடித்து வைத்திருந்தார். மூடிக்கொண்டிருந்தால் இருசப்பன் மட்டும்தான் வெளியில் நிற்பார். அவருக்கு அது பழக்கம்தான்.

பழக்கம்தான் என்று தான் நினைத்தது மணவாளனுக்கே சுட்டது. இந்தச் சூடு ஆபரேஷனால் வந்ததில்லை.

விருத்தாம்பாள் நாலாவது தடவை அடிக்கப் பேனாவை எடுத்தாள். மணவாளன் அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, டாக்டரு எனக்கு இன்னா ஆபரேசன் செஞ்சாரு தெரியுமா?"

"கொடலெறக்கம்."

"கொடலெல்லாம் எடத்துலதான் கீது. எனக்குக் காயடிச்சாரு."

மஞ்சள் கிண்ணத்தில் தையலம்மாளின் விரல் நின்றது. விருத்தாம்பாள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவர் மடியைப் பார்த்தாள், சட்டென்று சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான்."

மணவாளன் நோயைச் சொன்னார், ஆட்டுக்கொட்டகையில் கேட்ட பேச்சைச் சொன்னார், வார்டு வாசலில் கிடந்தவரைச் சொன்னார். கடைசியில், "மாட்டுக்குக் காயடிச்சவன் மண்டபத்துக்கே வரக் கூடாது. உன் தம்பிக்குக் காயடிச்சவருக்கு மட்டும் முன்வரிசையில வெல்வெட் நாற்காலி. எனக்கு நாயம் சொல்லுக்கா" என்றார்.

விருத்தாம்பாள் நியாயம் சொல்லவில்லை. சட்டம் சொன்னாள். உடம்பில் குறைபட்டவன் தாரை வார்க்கக் கூடாது, அந்தக் காரியத்தை என் வீட்டுக்காரர் செய்யட்டும் என்றாள். மணவாளன் பயந்தது அப்படியே வந்து எதிரில் நின்றது.

ஆறு மாதத்துக்குப் பிறகு தையலம்மாளுக்குப் பேச வழி கிடைத்தது. "அண்ணி, மணையில ஒக்காந்தா ஒரு மணி நேரம் எழுந்திரிக்கக் கூடாது. அண்ணனால அரை மணி நேரம் ஒக்கார முடியுமா?"

உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்த இளவரசி வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"அத்த, எங்கப்பா தாரை வாக்கலன்னா நான் மணையில ஒக்கார மாட்டேன்."

"உனக்கு இன்னாடி தெரியும் இதெல்லாம்?"

"நாலு மாசமாத் தெரியும். ஆஸ்பத்திரி சீட்ட அரிசி டப்பாவுல ஒளிச்சி வெச்சா, சோறு ஆக்கறவ பாக்க மாட்டாளா?"

மணவாளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். கிழிந்த தாளை நீவிவிட்டு, உச்சியில், டாக்டர் ஜெயசீலன் பெயருக்குப் பக்கத்தில், தன் கையால் எழுதினார்: திரு. இருசப்பன் அவர்கள்.

அன்று மாலையே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு, புருசனும் பெண்டாட்டியுமாகக் காலனிக்குப் போனார்கள். தாம்பாளத்தை நீட்டியபோது இருசப்பன் அதை வாங்காமல் நின்றார்.

"கீழ வெச்சிடுங்க, எடுத்துக்கறேன்" என்றார். வாய்ப் பழக்கம்.

"கையிலதான் வாங்கணும்ணே" என்றார் மணவாளன். அந்த 'அண்ணே' வெளியில் வந்த பிறகுதான், அறுபத்தாறு வருசத்தில் அது முதல் தடவை என்று அவருக்கே உறைத்தது. இருசப்பன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

விஷயம் ஊரில் பரவியது. இரண்டு நாள் தெரு சிரித்தது. மூன்றாம் நாள், யூரியா விலை கேட்க வந்தவர் போல ஒருத்தர் வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள் என்று கேட்டார். அடுத்த நாள் வாய்க்கால் மேட்டில் இன்னொருத்தர். கல்யாணத்துக்குள் அப்படி ஏழு பேர். மணவாளன் எல்லோருக்கும் பஸ் நம்பர், டாக்டர் அறை, எந்தக் கிழமை என்று விவரம் சொன்னார். அடிவயிற்றிலிருந்து முழங்க வேண்டியிருக்கவில்லை. சாதாரணக் குரலில் சொன்னாலே காது கொடுத்தார்கள்.

மாசி பத்தாம் தேதி, வில்லியனூர் மண்டபத்தில், மணவாளன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க, தையலம்மாள் மேலே நீர் வார்த்தாள். நெருப்பு சரியாக அந்த நேரம் பார்த்து நெஞ்சில் கிளம்பியது. முகம் சிவந்து வேர்த்தது. பார்த்தவர்கள், பெற்ற மனசு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் டாக்டர் ஜெயசீலனுக்கு வெல்வெட் நாற்காலி. பக்கத்து நாற்காலியில், புது வேட்டி சரசரக்க, நுனியில் உட்கார்ந்திருந்தார் இருசப்பன். மணவாளன் வந்து அவரை அறிமுகம் செய்தபோது, டாக்டர் ஆவலாகத் திரும்பினார்.

"இதுவரைக்கும் எத்தன கேஸு செஞ்சிருப்பீங்க?"

"ரெண்டாயிரம் இருக்குங்க சார்."

"நான் இன்னும் முந்நூறத் தாண்டல" என்றார் டாக்டர். உடனே எழுந்து, தன் கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி இருசப்பன் கழுத்தில் போட்டு, வெல்வெட் நாற்காலியில் அவரை உட்கார வைத்தார். "அப்ப நீங்கதான் சீனியர்."

பின் வரிசை வரைக்கும் சிரிப்பு போயிற்று. விருத்தாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் வேறு ஒருவர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. தாலி கட்டி முடிவதற்குள் வீரமணி மூன்று தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போய் வந்திருந்தார்.

பந்தி முடிகிற நேரத்தில், இருசப்பன் கை கழுவிவிட்டு வந்தபோது, தூண் ஓரமாக விருத்தாம்பாள் நின்றிருந்தாள். கையில் ஒரு டம்ளர் பாயசம். அதைக் கீழே வைக்க இடம் தேடுகிறவள் போலச் சுற்றிப் பார்த்தாள். பிறகு நேராக நீட்டினாள். இருசப்பன் வாங்கிக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு ராவுல ஆறு தடவ எழுந்திரிக்கிறாரு. முதுகு வேற வலிக்குதுன்றாரு. டாக்டருன்னா பயம், பக்கமே வர மாட்டன்றாரு. மணவாளன் நீ சொல்லித்தான் கேட்டானாம். நாளைக்கு வந்து அவருக்கும் ஒரு வார்த்த சொல்றியா? நல்ல நாளுதான்."

இருசப்பன் பாயசத்தைக் குடித்து முடித்தார். ஒட்டியிருந்த முந்திரியையும் விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்ல நாளா இருந்தா நான் வரலாங்களாம்மா?"

விருத்தாம்பாள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டபோது, வீரமணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நாலாவது தடவையாக அவர்களைக் கடந்து ஓடினார். அவள் அவர் போன திசையைப் பார்த்தாள். மாலையைக் கழற்றாமல் நிற்கிற இருசப்பனைப் பார்த்தாள்.

"வா" என்றாள். "விடிஞ்சதும் வந்துடு. மொத மொகமா உன்னுதுதான் இருக்கணும்."